கடைசிக் கை சனி மூலைக்கு

சங்கரன்கோவிலில் ஒருவர் புல்லை விலைக்கு வாங்கிவந்து வாசலில் பதிக்கிறார் என்றால் தெரு சும்மா இருக்காது. சண்முகையா பதித்தார். தெருவும் சும்மா இருக்கவில்லை.

"என்னவே, மாடு எப்பம் வருது?" என்று முதலில் கேட்டவர் எதிர்வீட்டுக் கோமதிநாயகம். விசைத்தறியில் வேலை பார்த்து ஓய்ந்த மனிதர். தறிச் சத்தத்தில் காது பாதி போய்விட்டது. போன காதுக்கு எந்த முதலாளியும் பதில் சொல்லவில்லை. அவர் ரகசியம் பேசினாலும் தெருமுனை வரைக்கும் கேட்கும்.

"மாடு இல்லவே. எங்க வீட்டுல வாரா."

"புல்லு திங்கவா?"

"நடக்க."

அது கோமதிநாயகத்தின் காதில் சரியாக விழுந்தது. சிரிப்பை நிறுத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். சண்முகையாவின் மனைவி முப்பிடாதி நடப்பதில்லை என்பது தெரு முழுக்கத் தெரிந்த சங்கதி.

சண்முகையா நகராட்சியில் மோட்டார் ஓட்டியவர். மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுவது, எந்தத் தெருவுக்கு எப்போது என்று பார்த்து வால்வு திறப்பது, அடைப்பது. அது அவருடைய இரண்டாவது பிழைப்பு. முதலாவது வயல். கரிவலம்வந்தநல்லூர் பக்கம் குத்தகைக்கு நெல் போட்டார். குளம் பெருகினால் நெல். பெருகாவிட்டால் கிடைத்த கூலி. குளம் பெருகாத வருஷங்கள் அதிகமானபோது தினக்கூலியாக நகராட்சிக்குள் நுழைந்தார். அங்கே வருஷக்கணக்கில் தற்காலிகமாகவே வைத்திருந்தார்கள். கூட வேலை பார்த்தவர்கள் எல்லாரும் சேர்ந்து அலுவலக வாசலில் உட்கார்ந்த பிறகுதான் நிரந்தரம் ஆனது. மனசு கனிந்து யாரும் தூக்கிக் கொடுத்துவிடவில்லை. சரி, அது வேறு கதை.

ஓய்வு பெற்ற கையோடு வீட்டுக்கு டைல்ஸ் போட்டார். அதுவரைக்கும் சிமெண்ட் தரை. "மொகம் தெரியணும்" என்று கடையில் சொல்லிச் சொல்லி, இருப்பதிலேயே பளபளப்பானதை எடுத்துவந்தார். முப்பிடாதி முதல் நாள் அதில் குனிந்து தன் முகத்தைப் பார்த்து நெற்றி முடியை ஒதுக்கிக்கொண்டாள். இத்தனை காலம் சேற்றையும் சிமெண்டையும் மிதித்த பெண்ணுக்கு முகம் தெரிகிற தரை கொடுத்துவிட்டோம் என்று அவருக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை.

அந்த வருஷம் ஐப்பசியில் திடீரென்று மழை இறங்கிய ஒரு சாயங்காலம், மொட்டை மாடியில் காய்ந்த துணியை வாரிக்கொண்டு ஓடிவந்தாள். நனைந்த கால். முகம் தெரிகிற தரை. இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது.

திருநெல்வேலியில் ஆப்பரேஷன் செய்து உள்ளே கம்பி வைத்தார்கள். பாளையங்கோட்டையில் இருக்கும் மகள் காவியா தன் வீட்டிலேயே அம்மாவை வைத்துக்கொண்டாள். எலும்பு கூடிவிட்டது, காலை ஊன்றி நடக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வாக்கரும் வாங்கியாயிற்று. பிசியோதெரபிப் பெண் ஒருத்தி வந்து நிற்க வைப்பாள். முப்பிடாதி நிற்பாள். ஒரு கை வாக்கரில், ஒரு கை சுவரில். சுவரை விடச் சொன்னால் முகம் வெளுத்து அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிடுவாள்.

நாற்றுக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு வழுக்குகிற வரப்பில் ஓடியவள். இப்போது கட்டிலை விட்டுக் குளியலறைக்குப் போகச் சக்கர நாற்காலி. இன்னும் கொஞ்ச நாள் இப்படியே இருந்தால் கால் இறுகிவிடும், பிறகு நடக்க நினைத்தாலும் முடியாது என்று பிசியோ பெண் காவியாவிடம் தனியாகச் சொன்னாள். காவியா அப்பாவிடம் சொன்னாள். சண்முகையா போனில் மனைவியைப் பிடித்தார்.

"ஏட்டி, நடக்க வேண்டியதுதான. எலும்பு கூடிட்டுன்னு டாக்டரே சொல்லுதாருல்லா."

"நடக்கேன். விழுந்தா வலிக்காத தரை எங்கயாவது இருந்தா சொல்லுங்க. அங்கன வந்து நடக்கேன்."

கடிப்பதற்காகச் சொன்ன சொல். வேறு யாராக இருந்தாலும் கோபித்துக்கொண்டு போனை வைத்திருப்பார்கள். சண்முகையா யோசிக்க ஆரம்பித்தார். மேலதிகாரி ஒரு வேலையைக் கொடுத்துவிட்டுப் போனது போல அதை எடுத்துக்கொண்டார்.

புளியங்குடி ரோட்டில் நாற்றுப்பண்ணை வைத்திருப்பவன் ஜோஷ்வா. கல்யாண மண்டபங்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் புல்தரை போட்டுக் கொடுப்பது அவன் தொழில். வீட்டுக்குப் புல் என்று ஒருவர் டிவிஎஸ்ஸில் வந்து இறங்கியது அவனுக்கே புதுசு.

"எவ்வளவு எடம் அண்ணாச்சி?"

"ஒரு பொம்பள நடக்கணும். திரும்பணும். விழுந்தா விழணும். அந்த அளவுக்கு."

ஜோஷ்வா சிரிக்கத்தான் வாயெடுத்தான். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டான். முழுக்கக் கேட்டான். கேட்டுவிட்டு, "வாக்கர் வச்சி நடக்கணும்னா தரை மேடு பள்ளம் இல்லாம இருக்கணும். நான் அமுக்கித் தாரேன்" என்றான்.

சொன்னபடி செய்தான். வாசலில் கிடந்த சரளையை அள்ளி, செம்மண்ணும் மணலும் மக்கிய தொழுவுரமும் பரப்பி, தண்ணீர் நிரப்பிய இரும்புப் பீப்பாயை மேலே உருட்டித் தரையைச் சமமாக்கினான். பாய் போலச் சுருட்டிக் கொண்டுவந்த புல்லை விரித்து, விளிம்போடு விளிம்பு சேர்த்து ஒட்டினான். போகும்போது சொன்ன புத்திமதி இவ்வளவுதான்: காலையும் சாயங்காலமும் தண்ணீர். வேர் பிடிக்கிற வரைக்கும் வேறு எதுவும் கூடாது.

"உரம்?"

"தொடாதீங்க. கத்திரி வெயிலு. வேரு பிடிச்சிட்டுதான்னு ஓரத்தப் பிடிச்சி லேசா இழுத்துப் பாருங்க. கையோட வந்தா இன்னும் பிடிக்கல. நல்லாப் பிடிச்ச பொறவு நானே வந்து போட்டுத் தாரேன்."

சண்முகையா தலையாட்டினார். ஆட்டிய தலைக்குள்ளே முப்பது போகம் நெல் விளைந்த ஞாபகம் இருந்தது. ஜோஷ்வாவுக்கு அது எப்படித் தெரியும்.

தினமும் காலையில் ஓரத்தைப் பிடித்து இழுத்துப் பார்ப்பார். தண்ணீர் விடுவார். வீட்டு ஆழ்குழாயிலிருந்து வருகிற, லேசாக உப்புக் கரிக்கிற சப்பைத் தண்ணீர்தான். குடிதண்ணீரைப் புல்லுக்குத் தொடமாட்டார். குழாயில் மோட்டார் வைத்து உறிஞ்சுகிறவன் எவனாக இருந்தாலும் வீட்டு வாசலில் போய் நின்று சத்தம் போட்ட ஆள் அவர்.

ஒரு நாள் காலையில் தெருவில் யாரும் இல்லை என்று நன்றாகப் பார்த்துக்கொண்டு, புல்லின் நடுவில் போய் நின்றார். வேட்டியை மடித்துக் கட்டினார். அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தார். எழுந்து, கையை ஊன்றிவிட்டோம், இது கணக்கில் சேராது என்று மறுபடியும் விழுந்தார். இந்தத் தடவை அவள் விழுந்தது போலவே, இடுப்பு அடிபட.

"சண்முகையா விழுந்துட்டாரு. ஏலே, யாரு அங்கன, ஓடி வாங்கல" என்று கோமதிநாயகம் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். பால்காரர் வண்டியை நிறுத்திவிட்டார்.

"சும்மா கெடயும்வே. நான் விழுந்து பாக்கேன்."

"விழுந்து என்னத்தப் பாக்கீரு?"

"வலிக்கான்னு."

கோமதிநாயகம் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார். "வலிக்கா?" என்று கேட்டார் கடைசியில்.

"தோளு வலிக்கு. அது வயசு. இடுப்பு வலிக்கல."

"அப்பம் சரி" என்று சொல்லிவிட்டு, அவர் எழுந்திருக்கக் கை கொடுத்தார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் காவியாவிடமிருந்து போன் வந்தது. அப்பா புல் போட்டிருக்கிற விஷயத்தை அவள் அம்மாவிடம் சொல்லிவிட்டாள். ஆடித்தபசுத் திருவிழாவுக்கு முன்னால் அழைத்து வரலாம் என்றிருந்தவள், வருகிற வியாழக்கிழமையே காரில் கூட்டிவருகிறாளாம்.

"ஏன் மக்கா, அவ்வளவு வெரசா?"

"நான் என்ன செய்ய? அம்மா ஒத்தக்கால்ல நிக்கா. அந்த மனுசன் வாசல்ல என்ன கோட்டித்தனம் பண்ணி வச்சிருக்காருன்னு பாக்கணுமாம்."

"நடக்கேன்னு சொன்னாளா?"

"அப்படிச் சொல்லலப்பா. பாக்கணும்னுதான் சொல்லுதா. ஆனா விழுந்ததுலேருந்து எதையும் கேட்டு வாங்காதவ, எங்கயும் போகணும்னு சொல்லாதவ. இதத்தான் மொதல்ல கேக்கா."

போனை வைத்துவிட்டு வாசலுக்கு வந்து புல்லைப் பார்த்தார். அதுவரை கண்ணில் படாதது அப்போது பட்டது. புல் வெளுத்திருந்தது. பதித்தபோது இருந்த கரும்பச்சை இல்லை. வெயில் குடித்த பச்சை. புதிதாகப் பதித்த புல் கொஞ்ச நாள் அப்படித்தான் கிடக்கும், வேர் இறங்கினால் நிறம் தானாக வந்துவிடும் என்று ஜோஷ்வா சொல்லியிருந்தான். சண்முகையாவின் கண்ணுக்கு அது புல்லாகத் தெரியவில்லை. நட்ட நாற்று வெளுத்து நிற்பது போலத் தெரிந்தது. நட்ட நாற்று வெளுத்தால் என்ன செய்ய வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு கை யூரியா விசிறினால் பயிர் பச்சை கட்டிவிடும். வியாழக்கிழமை அவள் வந்து இறங்கும்போது வாசல் பச்சைப்பசேல் என்று கிடக்க வேண்டும். வெளுத்துக் கிடந்தால் அவள் இறங்குவாளா?

மறுநாள் காலையில் உரக்கடைக்குப் போனார். "எத்தனை ஏக்கருக்கு?" என்ற கேள்விக்கு மழுப்பலாக ஒரு பதில். வீட்டுக்கு வந்து புல்லுக்கு நன்றாகத் தண்ணீர் பாய்ச்சினார். நெல்லுக்கு உரம் போடும்போது வயல் ஈரமாக இருக்க வேண்டும், இல்லையா. யூரியாவை ஓலைப்பெட்டியில் கொட்டி இடது இடுப்பில் இடுக்கிக்கொண்டார். வலது கை பெட்டிக்குள் போயிற்று, வந்தது, விசிறியது. எத்தனையோ வருஷம் கழித்து அந்தக் கை அதே வீச்சில் அரைவட்டம் அடித்தது. ஓர் அடி முன்னால், ஒரு வீச்சு. ஓர் அடி முன்னால், ஒரு வீச்சு. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவருக்கு உற்சாகமாக இருந்தது. சாயங்காலம் வரைக்கும் வீசச் சொன்னாலும் வீசியிருப்பார். ஆனால் அது கல்யாணப் பந்தியில் ஒரு வரிசை இலை போடுகிற அளவுக்குத்தான் இடம்.

பெட்டியின் அடியில் மிஞ்சியதை என்ன செய்வது? அதற்கும் அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. வடகிழக்கு மூலையைச் சனி மூலை என்பார்கள். வயலில் எந்த நல்ல காரியமும் அங்கே தொடங்கும், அங்கே முடியும். விதையோ உரமோ கடைசிக் கை சனி மூலைக்கு. அவருடைய அப்பா அப்படிச் செய்தார், அவரும் செய்தார். இங்கேயும் போய்ப் பெட்டியைக் கவிழ்த்து, அடியில் ரெண்டு தட்டுத் தட்டினார்.

பிறகு பம்பு நின்றிருக்கிறதா என்று பார்த்து, குழாயை இறுக்கி அடைத்தார்.

"சாயங்காலம் தண்ணி விடலையாவே?" என்று எதிர்வீட்டிலிருந்து கேட்டது.

"உரம் போட்ட வயலுக்கு எவனாவது மடையத் தொறப்பானாவே? போட்ட சத்து பூரா அடுத்தவன் வயலுக்குல்லா ஓடிரும்."

அடுத்த வயல் எங்கே இருக்கிறது? தார் ரோடுதான் இருந்தது. அது அவருக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் மத்தியானம் புல் கருகியது.

வாசலில் நின்று பார்த்தார். ஒரே சீராகக் கருகியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். கருகல் வரிவரியாக இருந்தது. வளைவு வளைவாக. ஒரு வளைவு, அதற்கு முன்னால் இன்னொரு வளைவு. நடுவில் கை விழாத இடங்கள் மட்டும் திட்டுத்திட்டாகப் பச்சை. சனி மூலையில் ஒரு தாம்பாளம் அகலத்துக்கு வைக்கோல் நிறம். ஒவ்வொரு வீச்சும் எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்று தரையில் எழுதிப்போட்டது போல இருந்தது.

போனில் சொன்னதும் ஜோஷ்வா வண்டியைப் போட்டுக்கொண்டு வந்தான். பார்த்தவுடன் தலையில் கை வைத்தான்.

"அண்ணாச்சி, என்னத்தப் போட்டீங்க?"

"யூரியா."

"ஈரத்துலயா? வெயில்லயா?"

"ஆமா."

"பொறவு தண்ணி விட்டீங்களா?"

"விடல. மடைய அடைச்சிட்டேன்."

ஜோஷ்வா குனிந்து கருகிய இலையை விரலால் தேய்த்துப் பார்த்தான். திட்டுவதற்கு மனசு வரவில்லை போல. "அண்ணாச்சி, நெல்லு தனித்தனியா நிக்கும். போடுத யூரியா நழுவி சேத்துல விழுந்து கரைஞ்சிரும். இது பாய் மாதிரி. ஈர எலையில அப்படியே ஒட்டிக்கிடும். மேல வெயிலு. எலையையே தின்னுரும். போட்டா காஞ்ச புல்லுல வெயில் தாழ கொஞ்சமாப் போட்டு, ஒடனே தண்ணிய விட்டுக் கழுவிரணும்."

"செத்துட்டா?"

"மேல கருகிட்டு. வேரு எங்கெல்லாம் பிடிச்சிருக்கோ அங்கெல்லாம் பிழைக்கும். பிடிக்காத எடத்தச் சொல்ல முடியாது. இப்பம் தண்ணிய விடுங்க. நல்லா விடுங்க. கீழ இறங்கட்டும்."

"அவ நாளக்கழிச்சு வாரா தம்பி."

"அதுக்குள்ள ஆகாது அண்ணாச்சி. புதுசா ஒட்டலாம்னா, பண்ணையில புல்லு இன்னும் வெட்டுத பருவத்துக்கு வரல."

அன்று பொழுது சாயும்வரை தண்ணீர் விட்டார். விட்டுவிட்டு உள்ளே போய், சாமி படத்துக்குக் கீழே முப்பிடாதி மடித்து வைத்திருந்த கோவில் புற்றுமண் பொட்டலத்தை எடுத்தார். காய்ச்சலுக்கும் தேள்கடிக்கும் இந்த ஊரில் அதுதான் முதல் மருந்து. அவள் இடுப்பிலும் பூசியாயிற்று. சண்முகையாவுக்கு இதிலெல்லாம் பெரிய பிடிப்பு கிடையாது. நகராட்சித் தொழிலாளர் சங்கத்துக் கூட்டத்தில் இதைப் பற்றிக் கிண்டலாகப் பேசியும் இருக்கிறார். இப்போது தெருவை ஒரு தடவை பார்த்துக்கொண்டு, சனி மூலைக் கருகலில் ஒரு சிட்டிகை தூவினார். யாரும் பார்க்கவில்லை.

காவியாவைக் கூப்பிட்டு இந்த வாரம் வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று போனை எடுத்தார். மறுமுனையில் எடுத்தது முப்பிடாதி.

"என்ன?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன். பையெல்லாம் எடுத்து வச்சாச்சு. அந்த நீலச்சேலைய எங்க போட்டேன்னு பாருங்க, அங்கன வந்து உடுத்தணும்."

"பாக்கேன்" என்று சொல்லி வைத்துவிட்டார். நீலச்சேலையைத் தேடி எடுத்து, மடிப்புக் கலையாமல் கட்டிலில் வைத்தார்.

வியாழக்கிழமை கார் வந்து நின்றது. காவியா இறங்கி, பின்னாலிருந்து சக்கர நாற்காலியை எடுத்து விரித்தாள். சண்முகையாவும் அவளுமாக முப்பிடாதியை இறக்கி உட்கார வைத்தார்கள். இளைத்திருந்தாள். தலையில் எண்ணெய் வழிய வாரிக் கட்டியிருந்தாள். வாசல் கதவு திறந்தது. நாற்காலி புல்லின் ஓரத்தில் வந்து நின்றது.

காவியாதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"என்னப்பா இது? பச்சையா இருக்குன்னுல்லா போன வாரம் சொன்னீங்க."

"போச்சு மக்கா. நான்தான் கெடுத்துட்டேன்." அவர் மனைவியின் முகத்தைப் பார்க்கவில்லை. வெட்டப்போகிற மரத்தின் அடியில் நிற்பது போலத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். இத்தனை தூரம் வந்தவள் திரும்பி வண்டியில் ஏற்று என்று சொல்லிவிடுவாள். அதற்குப் பிறகு அவளை எதைச் சொல்லி அழைப்பது? அடுத்து என்ன தரை இருக்கிறது?

முப்பிடாதி கருகலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இடமிருந்து வலம். வளைவுக்கு அடுத்த வளைவு. தலை மெல்ல அந்த வளைவுகளோடு திரும்பியது. திரும்பிச் சனி மூலையில் போய் நின்றது.

"யூரியாவா?" என்றாள்.

"ம்."

"மடைய அடைச்சீங்களோ?"

சண்முகையா நிமிர்ந்தார். "உனக்கு எப்படித் தெரியும்?"

"அடைக்காம இருப்பீங்களா?" என்றாள் அவள். அப்புறம் சிரித்தாள். முதலில் மூக்கில் ஒரு காற்று. பிறகு வயிறு குலுங்க. இடுப்பைப் பிடித்துக்கொண்டு, வலிக்க வலிக்கச் சிரித்தாள். "ஏட்டி காவியா, இங்க பாரு. ஒங்கப்பா கை. அப்படியே கெடக்கு பாரு. வயல்ல போடும்போது இதத்தான் நான் கத்துவேன். முன்னால வீசுத கை பெருசா விழும், இழுத்து முடிக்கும்போது ஒண்ணும் விழாது. நடுவுல ஒரு பயிரு பட்டினி. நான் வரப்புல நின்னு கத்தினாலும் கேக்க மாட்டாரு."

"கேட்டேன்" என்றார் சண்முகையா.

"எங்க கேட்டீங்க? அங்க பாருங்க, அந்த மூலையில. பெட்டியக் கவுத்துத் தட்டுனீங்களோ?"

"கொஞ்சம்தான்."

"கொஞ்சமா? ரெண்டு கை விழுந்திருக்கு. வேரே வெந்திருக்கும். ஏட்டி, அந்தக் கம்பி வண்டிய இங்க எடு."

காவியா அப்பாவைப் பார்த்தாள். அவர் அசையவில்லை. ஏதாவது பேசினால் கெட்டுவிடும் என்று அவருக்குத் தெரிந்தது. காவியா வாக்கரைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள்.

"செருப்பக் கழட்டு."

"செருப்போட நடக்கச் சொல்லித்தான் பிசியோக்கா..."

"செருப்போட வேரு தெரியுமாட்டி?"

எழுந்தாள். பிடிக்கச் சுவர் இல்லை. வாக்கரின் ரப்பர் கால் புல்லில் சத்தமில்லாமல் இறங்கியது. ஜோஷ்வா அமுக்கிக் கொடுத்த தரை அசையவில்லை. ஒரு கால் வைத்தாள். இன்னொன்று. சண்முகையா அவளுக்குப் பின்னால், தொடாமல், இரண்டு கையையும் கோழி பிடிக்கிறவர் போல விரித்துக்கொண்டு கூடவே போனார். முதல் வளைவில் நின்று கால் பெருவிரலால் கருகலை அமுக்கிப் பார்த்தாள். காலமெல்லாம் கால் விரலால் சேற்றின் ஆழம் பார்த்தவள்.

"இங்க வேரு இருக்கு. கடுசா நிக்கு."

அடுத்த வளைவு. "இங்கயும் இருக்கு." அதற்கடுத்தது. "இது போச்சு. இத வெட்டி எடுத்துட்டு வேற ஒட்டணும்." அப்படியே சொல்லிக்கொண்டு, திட்டிக்கொண்டு, நடுநடுவே நின்று மூச்சு வாங்கிக்கொண்டு போனாள். எதிர்வீட்டு வாசலில் கோமதிநாயகம் வந்து நின்றார். தெருவுக்கே கேட்கும்படி, "தைரியமா நடம்மா. உம் புருசன் விழுந்து விழுந்து பாத்துட்டாரு. வலிக்காதாம்" என்றார்.

முப்பிடாதி நின்றுவிட்டாள்.

"விழுந்து பாத்தீங்களா?"

"சும்மா, ஒரு தடவ."

"ஒரு தடவையாம்" என்றது எதிர்வீடு. "நான் கண்ணால பாத்தேன். எந்திரிச்சு மறுபடியும் விழுந்தாரு."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அதற்கு ஒரு கையை வாக்கரிலிருந்து எடுக்க வேண்டியிருந்தது. எடுத்தாள். எடுத்தது அவளுக்கே தெரியவில்லை.

சனி மூலைக்கு வந்துவிட்டாள். வைக்கோல் நிறத்தைக் கால் விரலால் கிளறினாள். மேலே செம்மண் போல ஏதோ ஒட்டியிருந்தது. உற்றுப் பார்த்தாள்.

"இது புத்துமண்ணுல்லா?"

சண்முகையா தொண்டையைச் செருமிக்கொண்டார். "காத்துல பறந்து வந்திருக்கும்."

"பொட்டலத்தோட பறந்து வந்துச்சாக்கும்" என்றாள். விரலை இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். "அடியில ஈரம் இருக்கு. ஒண்ணு ரெண்டு வேரு நிக்கு. சொல்ல முடியாது."

அப்புறம்தான் திரும்பிப் பார்த்தாள். சக்கர நாற்காலி வாசல் கதவுப் பக்கம் நின்றது. இங்கிருந்து அங்கே வரைக்கும் பிடிக்க ஒன்றும் இல்லை. இதுவரை நடந்தது உறைத்தது. வாக்கரை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாள்.

"என்னங்க. இவ்வளவு தூரம் வந்துட்டேன்."

"ஆமா."

"எப்படித் திரும்பிப் போவேன்?"

தூக்கிக்கொண்டு போய்விடலாம் என்றுதான் அவருக்குத் தோன்றியது. கை நீளக்கூடப் பார்த்தது. மடக்கிக்கொண்டார்.

"வந்த மாதிரிதான்" என்றார். "அவசரமில்ல. பைய."

அவள் புல்லைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்து, வரப்பில் நின்று கத்துகிற பழைய குரலில் சொன்னாள்:

"இங்கன நின்னு எம் மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருந்தா கருகினது பச்சையாகுமா? போயி தண்ணியத் தொறங்க. இந்த மூலைக்குத்தான் மொதல்ல வேணும். நான் நகந்துக்கிடுதேன்."

சண்முகையா விரித்திருந்த கையை இறக்கினார். பம்பு வீட்டுக்குப் பின்பக்கம். நடந்தார். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தார். பின்னால் விழுகிற சத்தம் கேட்கிறதா என்று முதுகு முழுக்கக் காதாக இருந்தது. ஒன்றும் கேட்கவில்லை. புல்லில் வாக்கருக்கும் சத்தம் கிடையாது, கால்களுக்கும் சத்தம் கிடையாது. சுவிட்சைப் போட்டார். அடைத்த குழாயைத் திறந்தார். தண்ணீர் பைப்பைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினார்.

சனி மூலை காலியாக இருந்தது. முப்பிடாதி புல்லின் நடுவே இரண்டு வளைவுகளுக்கு இடையில் நின்றுகொண்டிருந்தாள். காவியா நாற்காலிக்குப் பக்கத்தில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"இங்க பாருங்க" என்றாள் முப்பிடாதி, தரையை விட்டுக் கண்ணை எடுக்காமல். "இங்கன ஒரு எடத்துல உங்க கை விழாமலே போயிட்டு. எவ்வளவு பச்சையா கெடக்கு பாருங்க."